பெயரும் மருந்தும்

விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க்குழு அன்பர்கள் கேட்டபோது, தமிழாசிரியனாகிய என்னிடமிருந்து சங்கப் பாடலின் நயமோ, சிலப்பதிகாரக் காட்சியொன்றோ வருமென்று எண்ணியிருத்தல் கூடும். நான் எழுதப் புகுந்திருப்பதோ குளிசைகளைப் பற்றி. வைத்தியமறியாத ஒருவனுக்கு இத்துறையில் என்ன உரிமை என்று கேட்பார்க்கு என்னிடம் ஒரு விடை உண்டு. இந்நாட்டின் மருந்துக் கொள்கை வரலாறு அடிப்படையில் பெயர் பற்றியதொரு வழக்கு. ஒரு மருந்தை அதற்குரிய பெயரால் அழைப்பதா, விற்பவன் இட்ட பெயரால் அழைப்பதா என்பதே அவ்வழக்கின் சாரம். பெயரிலக்கணம் கற்பிப்பவன் அதில் ஒரு சொல் சொல்லலாமன்றோ? அன்றியும், நம் கல்லூரியின் பழைய மாணவருள் வைத்தியர் பலர், மருந்தாளர் சிலர், எஞ்சிய நாமெல்லாம் நாற்பதைக் கடந்ததும் நோயாளர். ஆதலால் இப்பொருள் எவருக்கும் புறம்பானதன்று.

என் ஊர் தம்பலகாமம். கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்களும் ஆதிகோணநாயகர் ஆலயமும் அவ்வூரின் அடையாளங்கள். நான் சிறுவனாயிருந்த காலத்தில் ஊரில் ஆங்கில வைத்தியமும் பரியாரியார் வைத்தியமும் அருகருகே நடந்தன. பரியாரியார் ஒரு கசாயத்துக்குச் சரக்குகளைச் சொல்வார். சுக்கு, மிளகு, திப்பிலி எனத் தொடங்கி அது நீளும். என் தாயார் அதனை நினைவிற் கொண்டு கடைக்குச் செல்வார். சுக்கு எந்த வணிகனின் சுக்கு என்று பரியாரியார் சொன்னதில்லை, தாயாரும் கேட்டதில்லை. சுக்கென்றால் சுக்கு. ஆனால் வாங்கும்போது ஒடித்துப் பார்ப்பார். மூக்கருகே கொண்டு செல்வார். புழு அரித்திருந்தாற் கடைக்காரரோடு வழக்காடுவார். பெயர் எல்லார்க்கும் பொதுவாயிருந்தது. தரம் பார்க்கும் வேலை வாங்குபவர் கையில் இருந்தது. இவ்விரண்டையும் வாசகர் சற்றே நினைவில் வைத்திருக்க வேண்டுகின்றேன். ஏனெனில் குளிசையை ஒடித்தாலும் முகர்ந்தாலும் அதன் தரம் தெரிவதில்லை. அங்கேதான் எல்லாச் சிக்கலும் தொடங்குகின்றது.

இனிப் பெயர்களுக்கு வருவோம். மரம் என்பது இடுகுறிப் பொதுப்பெயர். பனை என்பது இடுகுறிச் சிறப்புப்பெயர். பறவை காரணப் பொதுப்பெயர். மரங்கொத்தி காரணச் சிறப்புப்பெயர். இது நாமெல்லோரும் கீழ்வகுப்பிற் கற்றது. காய்ச்சலுக்கும் தலையிடிக்கும் நாம் விழுங்கும் 'பனடோல்' என்பது ஒரு கம்பனி இட்ட பெயர், முற்றிலும் இடுகுறி. அப்பெட்டியில் சிறிய எழுத்தில் 'பரசிற்றமோல்' என்றொரு பெயரும் இருக்கும். அது காரணப்பெயர். பரா-அசற்றைல்-அமினோ-பீனோல் என்னும் இரசாயனப் பெயரின் துண்டுகளைச் சேர்த்து ஆக்கியது. நம்மவர் பெரிய எழுத்தைப் படித்துப் பழகிவிட்டனர். கடையிற் சென்று 'பரசிற்றமோல் தாருங்கள்' என்று கேட்பவரை எங்களூரிற் பெரிதும் காண்பதற்கில்லை.

மருந்துகளின் பொதுப்பெயர்களை உலகெங்கும் ஒன்றாக்கும் பணியை உலக சுகாதார நிறுவனம் 1953 முதல் நடத்தி வருகின்றது. அப்பெயர்களை உற்று நோக்கிய தமிழாசிரியன் ஒருவன் வியக்காதிருக்க மாட்டான். அவற்றிற்கு விகுதி உண்டு! லொசாட்டன், வல்சாட்டன், ரெல்மிசாட்டன் என்பன இரத்த அழுத்தத்தை ஒரே வழியில் தணிக்கும் ஒரே குடும்பத்து மருந்துகள். 'சாட்டன்' என்னும் ஈறு அவற்றின் குலத்தைச் சொல்லும். அற்றனலோல், பைசோப்ரோலோல் என்பன வேறொரு குடும்பம், ஈறு 'ஓலோல்'. கொழுப்பைக் குறைப்பன 'ஸ்ரற்றின்' என முடியும். ஈற்றைக் கண்டு வினையை அறியலாம். நன்னூலாசிரியர் இருந்திருந்தால் இதற்கொரு நூற்பா செய்திருப்பார் என்று வகுப்பிற் சொல்வது என் வழக்கம். கம்பனிகள் இடும் பெயர்களிலோ அத்தகைய ஒழுங்கு கிடையாது. ஒரே லொசாட்டனுக்குப் பத்துக் கம்பனிகள் பத்துப் பெயர் இடும்; அப்பத்தும் ஒன்றே என்பதை ஒலியால் அறிய வழியில்லை.

இவ்வழக்கை இந்நாட்டில் முதன்முதல் அரங்கேற்றியவர் சேனக பிபிலே. 1920இற் பிறந்தவர், இலங்கையின் முதலாவது மருந்தியற் பேராசிரியர், பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாகவும் இருந்தவர். 1950களின் இறுதியிலேயே அரசாங்க வைத்தியசாலைகளுக்கென ஒரு மருந்துக் கோவை உருவாவதற்கு அவர் முன்னின்றார். வைத்தியசாலைகள் எந்தெந்த மருந்தை வைத்திருத்தல் வேண்டும் என்பதைப் பொதுப்பெயரால் வரையறுத்த நூல் அது. 1970இல் ஐக்கிய முன்னணி அரசு பதவியேற்றபின் நாடு முழுவதற்குமான மருந்து நிருவாகத்தை ஆராயும் பணி அவருக்கும் வைத்திய கலாநிதி எஸ். ஏ. விக்கிரமசிங்கவுக்கும் கிடைத்தது. விக்கிரமசிங்க பொதுவுடைமைக் கட்சியின் தலைவர். 1934–35இல் மலேரியாக் கொள்ளைநோய் நாட்டைச் சூறையாடிய நாளில் கிராமங்களிற் சென்று பணிசெய்தவர். நோயினின்றும் தப்பியவர் பட்டினியால் எழமாட்டாமை கண்டு, 'மாமைற்' என்னும் உணவுச் சத்தை நாட்டு வைத்தியரின் உருண்டைபோல் உருட்டிக் கொடுத்தார் என்று அவரைப்பற்றிச் சொல்வர். நோயாளி எதை நம்பி விழுங்குவான் என்பதை அறிந்த வைத்தியர்!

1971இல் இவ்விருவரும் அளித்த அறிக்கை சொன்னவை சிலவே. நாட்டுக்கு வேண்டிய மருந்துகளின் தொகையைத் தேவைக்கேற்பச் சுருக்குதல், அவற்றை அரச கூட்டுத்தாபனம் ஒன்றே உலகச் சந்தையிற் கேள்வி கோரி மொத்தமாக வாங்குதல், பொதுப்பெயரால் வழங்குதல், மருந்து பற்றிய செய்தியை வைத்தியர்க்கு விற்பனை முகவர் வாயிலாகவன்றி நடுநிலையாகத் தெரிவித்தல். அவ்வாண்டிலேயே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. பிபிலே அதன் தலைவரானார். தனியார் துறைக்கு வந்துகொண்டிருந்த ஏறத்தாழ 2100 மருந்துகள் ஏறத்தாழ 600 ஆகக் குறைக்கப்பட்டன. குறைந்தவற்றுட் பெரும்பாலன ஒன்றுக்கே இட்ட வேறுவேறு பெயர்களும், இருந்தும் பயனில்லாக் கலவைகளுமாம். 'ஒசுசல' என்ற பெயர்ப்பலகையை நகரங்களிற் பார்த்திருப்பீர்கள். மருந்துச்சாலை என்பதற்கு நேரான சிங்களச் சொல் அது. அக்கூட்டுத்தாபனத்தின் கடைகளுக்கு அதுவே பெயர்.

எதிர்ப்பு இரு திசையிலிருந்து வந்தது. கம்பனிகளின் எதிர்ப்பு எதிர்பார்க்கத் தக்கதே. 1974இல் கொலரா பரவிய வேளையில், கூட்டுத்தாபனம் மலிவாக வாங்கியிருந்த ரெற்றாசைக்கிளின் மூலப்பொருளைக் கூட்டுளைகளில் அடைத்துத் தருமாறு கொழும்பிலிருந்த பைசர் தொழிற்சாலையைக் கேட்டது, அத்தொழிற்சாலை செய்யவில்லை. முடிவில் பெருஞ்செலவில் வானூர்தி மூலம் மருந்து தருவிக்க நேர்ந்தது. பொருளியலாளர் சஞ்சய லாலுடன் சேர்ந்து பிபிலே எழுதி 1977இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையில் இச்செய்தி விரிவாகக் கூறப்பட்டுள்ளது. மற்றைய எதிர்ப்பே எனக்கு ஆராயத் தக்கதாகத் தோன்றுகின்றது. அது வைத்தியருள் ஒரு சாராரிடமிருந்து வந்தது. விரும்பிய மருந்தை எழுதும் உரிமை பறிபோகின்றது என்றனர்; மலிவானது தரங்குறைந்தது என்றனர். அவர்கள் எல்லாரையும் கம்பனிகளின் குரல் என்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது. தாம் கொடுத்த மருந்தால் நோய் தீருமா என்ற கவலை உண்மையான கவலை. அக்கவலைக்கு விடை தரத்தைச் சோதித்துக் காட்டுவதேயன்றிச் சொற்பொழிவன்று.

பிபிலேயின் கருத்து நாட்டெல்லையைக் கடந்தும் சென்றது. 1976 ஆகஸ்டிற் கொழும்பிற் கூடிய அணிசேரா நாடுகளின் உச்சி மாநாடு மருந்துத் துறையில் ஒத்துழைப்புக்கெனத் தீர்மானம் நிறைவேற்றியது. அடுத்த ஆண்டு நாட்டில் ஆட்சி மாறியது. தனியார் இறக்குமதி மீண்டும் திறந்துவிடப்பட்டது. ஐக்கிய நாடுகள் அமைப்பின் பணியிற் கயானா சென்றிருந்த பிபிலே 1977 செப்டெம்பர் 29ஆம் நாள் அங்கே காலமானார். அடுத்த மாதமே ஜெனீவாவிற் கூடிய வல்லுநர் குழு ஏறத்தாழ 200 மருந்துகள் கொண்ட உலகின் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வகுத்தது. தன் வீட்டில் வாடிய பயிர் அயல் நிலத்தில் விளைந்ததைக் காண அவர் இல்லை.

வரலாறு இவ்வளவிற் போதும். இக்கொள்கை உயிர்வாழ்வதும் மாய்வதும் கொழும்பில் மட்டும் தீர்மானமாவதன்று என்பது என் எண்ணம். துண்டை எழுதும் வைத்தியர், துண்டைக் கையிலேந்தி நிற்கும் நோயாளி, குளிசையை எண்ணிக் கொடுக்கும் மருந்தாளர் ஆகிய மூவரிடையே அது நாள்தோறும் தீர்மானமாகின்றது.

எங்களூரில் 'ஆஸ்பத்திரிக் குளிசை', 'வெளிக் குளிசை' என இரு சாதி உண்டு. முன்னது இலவசம், தாள் உறையிலோ சிறு பையிலோ எண்ணிக் கொடுப்பது, பளபளப்பில்லாதது. பின்னது வெள்ளித்தகட்டில் அடைத்துப் பெட்டியோடு வருவது. வெளிக் குளிசைக்கே வலிமை என்பது பொதுவான நம்பிக்கை. சென்ற மாதம் வெள்ளையாயிருந்த ஆஸ்பத்திரிக் குளிசை இம்மாதம் மஞ்சளாய் வந்துவிட்டால், 'மாஸ்ரர், மருந்தை மாத்திப் போட்டாங்கள்' என்று என்னிடம் முறையிடுவோர் உண்டு. மருந்து அதுவே, ஆக்கியோன் வேறு என்று அவர்க்குச் சொல்வார் இல்லை. நீண்ட வரிசையின் முடிவிலே சிறு துளையொன்றின் வழியாகப் பை கைக்கு வரும். அத்துளையினூடு கேள்வி கேட்பது எளிதன்று.

இலவசமானது இழிந்தது என்ற எண்ணம் இம்மலரின் வாசகர்க்குச் சற்றே உறுத்த வேண்டும். 1945இல் வந்த இலவசக் கல்வியினாற் படித்து ஆளானவர்களும் அவர்தம் மக்களுமே நாம். கட்டணம் கட்டாத கல்வியென்று நம் கல்வியை நாம் ஒருநாளும் தாழ்வாகக் கருதியதில்லை. கல்வியில் நமக்கிருக்கும் அந்த மிடுக்கு குளிசையில் மட்டும் ஏன் இல்லாது போயிற்று?

இன்னொரு விந்தையும் உண்டு. வயலிற் புடையன் தீண்டினால் எங்களூரார் எவரும் கம்பனிப் பெயரைக் கேட்பதில்லை. ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து இருக்கின்றதா என்ற ஒரே கேள்விதான். இந்தியாவிலிருந்து வரும் அம்மருந்தை ஆக்கியோர் யாரென்று அறிந்தவர் ஊரில் எவருமிலர்; அதனால் உயிர் பிழைத்தவர் பலர். ஆகவே பெயரில்லா மருந்தில் நம்பிக்கை வைக்க நம் மக்களுக்குத் தெரியாதென்று சொல்ல முடியாது. நோய் விரைந்து கொல்வதாயின் மருந்தை நம்புகின்றனர். நீரிழிவும் இரத்த அழுத்தமும் போல மெல்லக் கொல்வதாயின் பெயரை நம்புகின்றனர். மெல்லக் கொல்லும் நோயில் மருந்து வேலை செய்கின்றதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியாதவிடத்துப் பெட்டியின் பளபளப்பே சான்றாகின்றது.

என்னோடு ஒரே வகுப்பிற் படித்து இன்று வைத்தியராயிருக்கும் நண்பர் ஒருவரோடு இதுபற்றி உரையாடியதுண்டு. அவர் ஒரு கேள்வி கேட்டார்: 'உன் வயலுக்கு விதைநெல்லை ஊர்பேர் தெரியாதவனிடம் வாங்குவாயா?' நல்ல கேள்விதான். ஆனால் விதைநெல்லை எங்களூரார் எப்படி வாங்குகின்றனர் என்பதை அவர் மறந்துவிட்டார். 'பி.ஜி. 352 இருக்கிறதா, ஏ.ரி. 362 இருக்கிறதா' என்றே கேட்பர். பி.ஜி. என்பது பத்தலகொட, ஏ.ரி. என்பது அம்பலாந்தோட்டை, ஆராய்ச்சி நிலையங்களின் பெயர்கள். 352 என்றால் மூன்றரை மாதத்து நெல் என்று எண்ணைக் கொண்டே அறிவர். விற்பவன் எவனாயினும் இனத்தின் பெயர் ஒன்றே. முழுக்க முழுக்கப் பொதுப்பெயர்! அதன்மேல் அவர்கள் தேடுவது மூடையில் விவசாயத் திணைக்களத்தின் சான்றுத்துண்டு தொங்குகின்றதா என்பதை. இனப்பெயரும் சான்றும் இருந்தால் வணிகன் பெயர் வேண்டியதில்லை என்பதைத் தம்பலகாமத்து உழவர்க்குப் பல்கலைக்கழகம் சென்று கற்பிக்க வேண்டுவதில்லை.

நண்பர் சிரித்துவிட்டு, தம் பக்கத்தையும் சொன்னார். மாலையில் தம்மிடம் பணங்கொடுத்துப் பார்க்க வருபவர் ஆஸ்பத்திரியிற் கிடைக்கும் அதே மருந்தை எழுதினால் மனங்குறைகின்றார். 'இதுக்கோ வந்தனான்' என்ற பார்வை. சுகம் வராவிட்டால் பழி வைத்தியர்மேல். பெயர்பெற்ற மருந்தை எழுதியிருந்தால் பழி விதியின்மேல். விற்பனை முகவர் மாதந்தோறும் வந்து ஒரு மருந்தின் பெருமையைச் சொல்கின்றார். அம்மருந்தே மலிவாகவும் உண்டு என்று சொல்ல எவரும் வருவதில்லை. நண்பர் கூறியதில் உண்மை இருந்தது. நோயாளி விலையுயர்ந்த பெயரை நாடுவது வைத்தியர் எழுதுவதால். வைத்தியர் எழுதுவது நோயாளி நாடுவதால். எவர் முதலில் விடுவது?

இதனால் விளைவது பணச்செலவு மாத்திரமாயின் இக்கட்டுரையை எழுதியிரேன். என் பெரியம்மா எழுபதைக் கடந்தவர். மாதந்தோறும் அரசாங்க வைத்தியசாலையொன்றின் கிளினிக்குக்குச் சென்று இரத்த அழுத்தத்துக்குக் குளிசை பெறுபவர். ஒருமுறை தலைச்சுற்று இருந்ததால், உறவினர் அவரை நகரிலே தனியார் வைத்திய நிலையம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றனர். அங்கே ஒரு பெட்டிக் குளிசை எழுதிக் கொடுத்தனர். பெரியம்மா சிக்கனம் அறிந்தவர். எதையும் வீணாக்க மாட்டார். காலையில் ஆஸ்பத்திரிக் குளிசையும் இரவில் வெளிக் குளிசையுமாக இரண்டையும் ஒழுங்காக உண்டு வந்தார். மூன்றாம் வாரம் விடியற்காலையில் கிணற்றடியில் மயங்கி வீழ்ந்தார். கட்டுக்கல்லில் நெற்றி பட்டு ஐந்து தையல். வைத்தியசாலையில் மருந்தாளரான ஓர் இளைஞர் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். பெட்டியிற் பெரிய எழுத்தில் ஒரு பெயர். அதன்கீழ் எறும்பளவு எழுத்தில் 'லொசாட்டன்'. தாள்ப்பையிலும் கிறுக்கலாக அதே சொல். 'அம்மா, இரண்டும் ஒண்டுதான். ஒண்டையே இரண்டு பேரிலே விழுங்கியிருக்கிறியள்' என்றார். பெரியம்மாவுக்கு மயக்கத்தினும் இது பெரிய அதிர்ச்சி. வெளிக் குளிசைக்கு அவர் கொடுத்த பணம் சிறுபோகத்து நெல் விற்ற பணம்.

அவரை இரண்டு இடத்திலும் எவரும் வஞ்சிக்கவில்லை. இரண்டு வைத்தியரும் அவர் நோய்க்கு ஏற்ற மருந்தையே எழுதினர். முன்னைய மருந்து எது என்று கேட்டபோது 'வெள்ளைக் குளிசை' என்றுதான் அவராற் சொல்ல முடிந்தது. இந்நாட்டிலுள்ள குளிசைகளிற் பாதி வெள்ளை.

ஊராரின் ஐயம் முழுவதும் மடமை என்று எண்ணுவோரும் உளர். நான் அவ்வாறு எண்ணவில்லை. 2005இல் தேசிய மருந்துக் கொள்கை வந்தது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை அமைந்தது. 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு உச்சவிலை குறிக்கப்பட்டது. எல்லாம் நல்லனவே, பிபிலே நட்ட மரம் காலந்தாழ்த்தியேனும் துளிர்த்தது. ஆயின் 2022இல் நாடு பொருளாதாரத்திற் சரிந்தபோது என்ன நேர்ந்தது? கையிருப்பு வற்றியது. அவ்வாண்டு மார்ச்சில் பேராதனை வைத்தியசாலை அவசரமல்லாத சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. பிபிலே கற்பித்த அதே பேராதனையில்! எங்கள் பக்கத்திலும் 'வெளியில வாங்குங்கோ' என்று துண்டைத் திருப்பிக் கொடுத்த நாள்கள் பல. ஆஸ்பத்திரியில் இல்லாதது வெளியில் உண்டு என்ற பாடத்தை நோயாளிக்கு அந்நாள்களே மீண்டும் மீண்டும் கற்பித்தன. அதன்மேல் 2023இல், நோயெதிர்ப்புக்கான இம்யூனோகுளோபுலின் என்ற பெயரில் தரமற்ற குப்பிகள் அரச வைத்தியசாலைகளுக்கு வழங்கப்பட்டமை வெளிவந்தது. முன்னர்ச் சுகாதார அமைச்சராயிருந்தவரே அவ்விசாரணையில் 2024 பெப்ரவரியிற் கைதானார். இச்செய்தியைப் பத்திரிகையிற் படித்த உழவர் ஒருவர், 'பாத்தீங்களோ மாஸ்ரர், நான் சொன்னது சரியோ?' என்று கேட்டார். பொதுப்பெயரின் சிறப்பை அவரிடம் எடுத்தோத நான் வாய் திறக்கவில்லை. மூடையிற் சான்றுத்துண்டே பொய்யாயிருந்தால் விதைநெல்லை எவன் வாங்குவான்?

பொதுப்பெயர்க் கொள்கை தரத்தின்மீது நிற்பது. மலிவு அதன் பயன். தரம் அதன் அடித்தளம். சோதனைக்கூடத்துக்குப் பணத்தைச் சுருக்கிவிட்டு வைத்தியரைப் பார்த்துப் 'பொதுப்பெயரில் எழுதுக' என்பதும், நோயாளியைப் பார்த்து 'நம்புக' என்பதும், வரம்பு கட்டாமல் வயலுக்கு நீர் பாய்ச்சுவதற்கு ஒப்பாம்.

தமிழாசிரியனாகிய எனக்கு வேறொரு குறையும் உண்டு. பிபிலேயின் காலத்தில் வைத்தியர்க்கென நடுநிலை மருந்துச் செய்தி ஏடொன்று வெளியிடப்பட்டது. நோயாளிக்கு அத்தகைய ஏடு எங்களூர்க் கைகளுக்கு எட்டக் கண்டதில்லை. அவர்க்கு இன்றும் கிடைப்பது ஆங்கிலத்திற் கிறுக்கிய ஒரு பை. காலை, இரவு என்பதற்குக் கோடும் புள்ளியும். தம் உடம்பினுள் நாள்தோறும் செல்லும் பொருளின் பெயரைத் தம் மொழியில் ஒருமுறையேனும் கண்ணாற் கண்டிராத மக்களிடம் அப்பெயரை நம்புமாறு கேட்கின்றோம். பையின்மேல் மருந்தின் பொதுப்பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடுவதற்கு எவ்வளவு செலவாகும்? ஒரு இறப்பர் முத்திரை போதும்.

சென்ற ஆண்டு என் வகுப்பு மாணவர்க்கு விடுமுறை வேலையாக இதனைக் கொடுத்தேன். வீட்டிலுள்ள மருந்துப் பெட்டிகளையும் பைகளையும் எடுத்து, பெரிய எழுத்துப் பெயரை ஒரு நிரையிலும் சிறிய எழுத்துப் பெயரை மறு நிரையிலும் தமிழில் எழுதி, ஈற்றைக் கோடிட்டுக் காட்டி வருக என்றேன். இலக்கணப் பயிற்சி என்றே நினைத்தனர். முப்பத்திரண்டு கொப்பிகள் வந்தன. அவற்றுள் நான்கு வீடுகளில் ஒரே சிறிய எழுத்துப் பெயர் இரண்டு பெரிய எழுத்துப் பெயர்களுக்கு எதிரே எழுதப்பட்டிருந்தது. அந்நான்கு வீட்டாரையும் கிளினிக்கில் மருந்தாளரிடம் பெட்டிகளோடு சென்று காட்டுமாறு சொல்லியனுப்பினேன். மூவர் சென்றனர். ஒருவர், 'பெடியன் பள்ளிக்கூடத்தில படிச்சதை வச்சு டொக்டருக்குப் பாடம் சொல்லேலுமோ' என்று சினந்தார். பின்பு அவரும் போனதாகக் கேள்வி.

பெரியம்மாவுக்கும் ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்தேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். கையெழுத்து இன்றும் மணிமணியாக இருக்கும். கிளினிக்குக்குப் போகும்போது அதனைச் சேலை முடிச்சோடு சேர்த்துக் கொண்டுபோகின்றார். சென்ற பொங்கலன்று வாங்கிப் பார்த்தேன். முதற்பக்கத்தில் மருந்தின் பெயரை 'லோசாத்தன்' என்று எழுதியிருந்தார். உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுக்கெல்லாம் கொண்டுவந்து நிறுத்தும் அந்தப் பழைய சாத்தனே பெரியம்மாவின் கொப்பியிலும் வந்து நிற்கின்றான் போலும் என்று எனக்குள் நகைத்துக்கொண்டேன். 'பிழையோ தம்பி?' என்று கேட்டார். மருந்தாளருக்குப் படித்துக் காட்டினீர்களா என்றேன். 'காட்டினனான். அவருக்கு விளங்கினது' என்றார். திருத்தாமல் திருப்பிக் கொடுத்தேன்.